ரெட்டை வெட்டு ஆமை

மடுவில் தாமரை இல்லை என்று கண்ணகை வந்து சொன்னபோது மங்கையற்கரசி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வந்தவளின் சீலை இடுப்புவரைக்கும் நனைந்து சேறு அப்பிக் கிடந்தது. கையிலிருந்த பன்புல் பெட்டிக்குள் பூ ஒன்றும் இல்லை. காம்பு அறுந்த இரண்டு மொட்டுகள் கிடந்தன, அவையும் கறுத்துப்போய்.

“முழு மடுவும் உலாவிட்டன் கா. ஒரு பூவில்ல. ஆறு நாளையில குளிர்த்தி. அம்மனுக்கு முன்னால நான் என்னத்தக் கொண்டு போய் வைக்கிற?”

குளிர்த்தி என்றால் வைகாசிச் சடங்கின் கடைசி நாள். கோபத்தோடு வந்த அம்மனைப் பாட்டாலும் நீராலும் பூவாலும் ஆற வைக்கிற நாள். மட்டக்களப்பில் அம்மன் இருக்கிற ஊருக்கெல்லாம் குளிர்த்தி உண்டு. ஆனால் பனிச்சங்கேணிக்கு இஞ்சாலே, ஆற்றங்கரையில் கிடக்கிற இந்தச் சின்ன ஊருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் உள்ள மடுவில் பூத்த தாமரைதான் குளிர்த்திப் பானையைச் சுற்றி வைக்கப்படும். வேறு ஊர்ப் பூ ஏறாது. ஊர் பாதி காட்டுக்குள் ஓடியிருந்த வருஷத்திலும், ஷெல் விழுந்து கோயில் கூரை பறந்த வருஷத்திலும்கூட அந்தப் பூ தவறவில்லை. அம்மன் பேரையே தன் பேராகக் கொண்ட கண்ணகை பன்னிரண்டு வயதிலிருந்து அதை ஆய்ந்து கொடுக்கிறவள்.

“எல்லாம் அந்த உசனார்ர எருமை. சண்டை நிறுத்த ஒப்பந்தம் வந்து மூணு மாசம் போகல்ல, சாய்ச்சிக்கொண்டு வந்து இறக்கிட்டான். இண்டைக்கு வண்ணக்கர் கூட்டம் வைக்கிறாராம் கோயிலடியில. இரி, நான் போய்க் கேக்கிற கேள்வியில எருமை என்ன, உசனாரும் ஓடணும்.”

கஞ்சி மங்கையற்கரசியின் காலில் கொட்டியது.

“என்ன கா, ஊமையாயிட்டாய்?”

“ஒண்டுமில்ல மச்சாள். கஞ்சி சுட்டுப்போட்டுது.”

தாமரையைத் தின்றது எருமையில்லை என்று அந்த ஊரில் ஒருத்திக்குத் தெரியும். அவள்தான் இப்போது குனிந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

மங்கையற்கரசியின் புருஷன் வினாயகமூர்த்திக்குக் கண்ணகை மூத்தவள். தாய் செத்த வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். மூர்த்தி ஆற்றில் வீச்சுவலை வீசிப் பிழைத்தவன். தொண்ணூறுக்குப் பிறகு ஆற்றில் இறங்கப் பாஸ் வேண்டும், பாஸ் இருந்தாலும் பொழுதுபட முதல் கரையேற வேண்டும் என்று ஆனபோது வலையைக் கூரை வளையில் தொங்கவிட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனான். கண்ணாடிப் பெட்டியில் விடுகிற கலர் மீனும் பிராணியும் விற்கிற ஒரு முதலாளியிடம் வேலை. மீனைப் பிடித்து வளர்ந்தவன் மீனுக்குச் சாப்பாடு போடுகிறவனானான் என்று ஊரில் பகிடி பண்ணினார்கள்.

தொண்ணூற்றைந்து தை மாதம் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அப்போது லீவில் வந்தவன் படலையைத் திறக்க முதலே கூப்பிட்டான்.

“இஞ்ச ஓடி வாகா. என்ன கொண்டந்திரிக்கன் பார்.”

ஜாம் போத்தலுக்குள் இரண்டு ஆமைக் குஞ்சுகள். ஒவ்வொன்றும் பெரிய சட்டைப் பொத்தான் அளவுதான். பச்சை ஓடு, பச்சைக் கழுத்து, கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தை விரலால் தொட்டு இழுத்தது போல ஒரு சிவப்புக் கோடு.

“இது எந்த ஊர் ஆமை?”

“கடல் தாண்டின ஊரு. கோது மெத்தெண்டு இருக்கி, விலைப்படாதெண்டு முதலாளி எறியச் சொன்னவர். நான் எறிவனா? வாற வழியில ஒரு காவலரணில ஆமிக்காரன் போத்தலத் திற எண்டான். குண்டெண்டு நினைச்சானாக்கும். திறந்தா இது ரெண்டும் கழுத்த நீட்டி அவனப் பாக்குது. சிரிச்சிப்போட்டு விட்டுட்டான் கா. என்ட அடையாள அட்டையக்கூடப் பாக்கல்ல.”

அவள் சிரித்தாள். கலியாணம் முடித்து இரண்டு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் வயிற்றைத்தான் பார்த்தார்கள். உள்ளங்கையில் இரண்டு உயிர் குறுகுறுவென்று நடந்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

“லேசில சாகாதாம். முப்பது வருஷத்துக்கு மேல இரிக்குமாம்,” என்றான் மூர்த்தி. “நமக்குப் பிள்ளை பிறந்து, அதுட கலியாணப் பந்தலுக்கும் இது ரெண்டும் நடந்து வரும்.”

“நடந்து வர முதல் பந்தலப் பிரிச்சிப்போடுவாங்க.”

திரும்பிப் போக முதல் நாள், ஓடு கொஞ்சம் இறுகியிருந்ததைப் பார்த்து, சின்ன அரத்தால் பின் விளிம்பில் அடையாளம் வைத்தான். ஒன்றுக்கு ஒரு வெட்டு, மற்றதுக்கு இரண்டு.

“ஒத்தை வெட்டு நீ. ரெட்டை வெட்டு நான்.”

“உங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு?”

“போற ஆளுக்கு அடையாளம் கூட வேணும் கா.”

கிணற்றுக்குள் ஆமை விடுவது அந்தப் பக்கத்தில் எல்லா வளவிலும் உள்ளது. ஆமை புழுவைத் தின்னும், நுளம்புக் குஞ்சைத் தின்னும், தண்ணீர் தெளிந்து கிடக்கும். அவளுடைய அப்பா விட்ட பாலாமை ஒன்று அந்தக் கிணற்றில் பதினைந்து வருஷமாகக் கிடந்தது. அதனோடு இந்த இரண்டையும் விட்டாள். ஆமைக்கு ஆமை துணை என்று நினைத்தாள். ஒரு வருஷத்துக்குள் பாலாமை செத்து மிதந்தது. அதுக்கு வயசாகிப் போச்சு என்று நினைத்து, முற்றத்துத் தென்னையடியில் தாட்டுவிட்டு, இரண்டு பிடி சோற்றை வழக்கம்போலக் கிணற்றுக்குள் போட்டாள். சோற்றுக்கு மேலே வந்த தலைகள் இரண்டிலும் குங்குமக் கோடு நன்றாகத் தடித்திருந்தது.

பாலாமை செத்த அந்த வருஷந்தான் மூர்த்தி தங்கியிருந்த லொட்ஜில் சுற்றிவளைப்பு நடந்தது. கூட வேலை செய்தவன் எழுதின கடிதம் ஒன்று வந்தது. பதினொரு பேரை ஏற்றினார்கள், எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள் என்று அதில் இருந்தது. மங்கையற்கரசியும் கண்ணகையும் பேர் எழுதுகிற இடமெல்லாம் போனார்கள். ஒவ்வொரு இடத்திலும் அவனுடைய படத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெருமூச்சும் ஒரு துண்டுக் கடதாசியும் கிடைத்தன. கார்த்திகையில் மழை தொடங்கி மார்கழியில் பெரிய வெள்ளம் வந்தது. ஊர்ச் சனம் பள்ளிக்கூடத்துக்கு ஏறினது. வடிந்த பிறகு வந்து பார்த்தால் கிணற்றுக் கட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடின அடையாளம் இருந்தது. கிணற்றுக்குள் தலைகள் இல்லை.

அன்றைக்குத்தான் அவள் ஒப்பாரி வைத்து அழுதாள். அதுவரைக்கும் அழவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மடுவில் கால் கழுவப் போனவள், சாய்ந்து கிடந்த மருத மரத்தில் ஊர்க் கறுப்பாமைகளுக்கு நடுவே இரண்டு சிவப்புக் கோட்டைக் கண்டாள். பெரியது ஒன்று, அதைவிடச் சின்னது ஒன்று. பெரியதின் பின் விளிம்பில் ஒரு வெட்டு. சின்னதில் இரண்டு. ஓடு வளர வளர வெட்டும் அகன்று, தூர நின்றே தெரிந்தது. தண்ணீருக்குள் சீலையோடு இறங்கி நின்று, “இரிக்கீங்களா?” என்று கேட்டாள். மடு முழுக்க அல்லியும் தாமரையும். பதில் சொல்ல யாரும் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை.

செத்தவருக்குச் செய்கிற சடங்கைச் செய்துவிடுவோம் என்று கண்ணகை எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தாள். “முப்பத்தோராம் நாள் சடங்கு செய்யாமக் கிடக்கிறான் என்ட தம்பி. எங்க அலையிறானோ? செய்திடுவம் அரசி.”

“ரெட்டை வெட்டு உயிரோட இரிக்கி மச்சாள். நேத்தும் கண்டன்.”

“ஆமைக்கும் என்ட தம்பிக்கும் என்ன கா?”

“எனக்குத் தெரியா. அவருதான் சொன்னவரு.”

கண்ணகை முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். பிறகு ஒரு மாதம் பேசமாட்டாள். பிறகு தாமரைக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்து வைப்பாள். சண்டைக் காலத்தில் அரிசி வராத நாட்களில் அந்த மடுவின் கிழங்குதான் இரண்டு வீட்டுக்கும் சாப்பாடு.

அதுக்குப் பிறகு வந்த ஒரு மாசியில் ஒத்தை வெட்டு கரையேறி, மடுக் கட்டில் பின்காலால் குழி தோண்டி முட்டை இட்டது. மங்கையற்கரசி அலரிச் செடிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்து பார்த்தாள். உடும்பும் கீரியும் ஆமை முட்டையைத் தோண்டித் தின்கிறது அவளுக்குத் தெரியும். ஊர் ஆமைகள் எத்தனை குழி தோண்டினாலும் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அவள் வீட்டுக்கு ஓடிப் போய், வளையில் தொங்கின மூர்த்தியின் வீச்சுவலையை இறக்கி, குழிக்கு மேலே விரித்து, ஓரத்தைச் சுற்றி முளை அடித்து, முள்ளும் போட்டாள். இரண்டு மாதம் கழித்து மண் வெடித்தது. பதினொரு குஞ்சு. பொத்தான் அளவில் பதினொரு பச்சை. வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குப் போகிறதைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் ஊருக்குள் நடந்து வந்த நடையே வேறு.

வருஷத்துக்கு இரண்டு மூன்று குழி. பிறகு குஞ்சுகளும் வளர்ந்து குழி தோண்டின. வலையை நாலாக வெட்டி நாலு இடத்தில் விரித்தாள். தன் வயிற்றில் தங்காதது மடுவில் தங்கியதாக அவளுக்கு இருந்தது. இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்காவிட்டால் அழுவார்கள்.

இந்த நாலு வருஷத்தில் மருத மரத்திலிருந்து கறுப்பாமைகள் ஒன்றொன்றாகக் குறைந்ததை அவள் காணவில்லை என்று சொல்ல முடியாது. கண்டாள். மாரியில் காதை அடைக்கிற தவளைச் சத்தம் மெலிந்ததையும் கேட்டாள். சண்டையென்றால் எல்லாம்தானே ஓடும் என்று மனதுக்குச் சொன்னாள். ஆனால் இந்த மாசியில், ஒப்பந்தம் வந்த அதே மாதத்தில், ஒரு விடியக்காலை ஒத்தை வெட்டு ஒரு தாமரை மொட்டுக்குக் கீழே வந்து, காம்பை வாயால் கவ்வி, கத்தரிக்கோல் மாதிரி நறுக்கியது. மொட்டுச் சாய்ந்தது. தளிரை மட்டும் தின்றுவிட்டு அடுத்த காம்புக்குப் போனது. பின்னால் அதன் பிள்ளைகள். மங்கையற்கரசி கரையில் குந்தியிருந்து அதைப் பார்த்தாள். எழும்பி வந்து பல் தீட்டினாள். நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை.

உசனார் அந்த மாதந்தான் எருமைகளோடு வந்தது.

கோயிலடி வேம்பின் கீழ் கூட்டம். வண்ணக்கர் இளையதம்பிக்கு ஷெல் விழுந்த நாளிலிருந்து ஒரு காது மந்தம். அதனால் அவர் ரகசியம் பேசினாலும் மூன்று வளவுக்குக் கேட்கும். கோயில் பொறுப்பு எல்லாம் அவர் கையில். உசனார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகக் குந்தியிருந்தார். அறுபது வயதிருக்கும். ஊர்ப் பெண்கள் மதில் ஓரம் நின்றார்கள்.

“எத்தின எருமை?” என்று கேட்டார் வண்ணக்கர்.

“பதினெட்டு ஐயா. முந்தி நூத்தி இருவது. தொண்ணூறில விட்டுட்டு ஓடினது. இது காட்டில மிஞ்சின கண்டுகள்.”

“பதினெட்டும் மடுவுக்க இறங்கினா தாமரை நிக்குமா?”

“இறங்குறதுதான். இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா எருமை இலையத் தின்னும், கொடிய மிதிக்கும். மொட்டக் கத்தரிச்சித் தண்ணியில போட்டுவைக்காது. அவ்வளவு புத்தி என்ட எருமைக்கு இரிந்தா நான் ஏன் ஐயா இப்பிடி இரிக்கன்?”

இரண்டு பேர் சிரித்தார்கள். கண்ணகை சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்க. அம்மனுக்குப் பூ இல்ல. பன்ரெண்டு வருஷமா எருமை இல்ல, பூ இரிந்தது. எருமை வந்தது, பூ இல்ல. இதுக்குப் பள்ளிக்கூடம் போகணுமா?”

பின்னால் நின்ற ஒருவன், “இனி இந்தப் பக்கம் எருமை இறங்கினா திரும்பி நடந்து போகாது,” என்றான். யாரும் அவனை அதட்டவில்லை.

உசனார் மெல்ல எழும்பினார். “வேணாம். நான் நாளைக்கே சாய்ச்சிக்கொண்டு போறன். சண்டை பிடிச்ச காலம் போதும்.” தொப்பியைப் போட்டார். பிறகு யாருக்கும் சொல்லாதது போல, மடுப் பக்கம் பார்த்துச் சொன்னார்: “பன்ரெண்டு வருஷமா இந்தப் புல்லத்தான் ஐயா கனவில கண்டன். என்ட வாப்பாட காலத்துத் தரவை. இப்பதான் வந்து மூணு மாசம்.”

பார்த்துக்கொண்டே இருந்த ஒரு இடத்தை விட்டுப் போகிற மனிதனின் முதுகு எப்படி இருக்கும் என்று மங்கையற்கரசிக்குத் தெரியும். படலையில் நின்று ஒருதரம் பார்த்திருக்கிறாள்.

“எருமை இல்ல,” என்றாள்.

“என்ன புள்ள? உரத்துச் சொல்லு,” என்றார் வண்ணக்கர்.

“எருமை தின்னல்ல. ஆமை. என்ட ஆமை.”

“இன்னும் உரத்து.”

ஒருதரம் சொல்லவே உயிர் போனது. மூன்றாந்தரம் அவள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. “அவரு கொண்டந்த ஆமையள்தான் தாமரையத் தின்னுது! நான்தான் முட்டைக்கு வலை போட்டு வளத்தன்! இவர்ர எருமைக்கு ஒண்டும் சொல்லாதீங்க!”

கண்ணகை நேரே அவளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எப்ப தொட்டுத் தெரியும்?”

“மாசி.”

“மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. நாலு மாசம் நான் சேத்துக்குள்ள நிண்டு கிழங்கு தடவுறன். நீ கட்டில இருந்து பாத்துக்கொண்டு இரிந்தாய். கிழங்கு குறைஞ்சி போச்செண்டு என்ட பங்கிலயும் உனக்குத் தந்தன் கா.”

“மச்சாள்...”

“கதையாத.”

என்ன செய்வது என்று பேச்சு எழுந்தது. அடித்துத் தின்போம் என்றார்கள் சிலர். சடங்குக் காலத்தில் கோயில் மடுவில் உயிர்க்கொலை ஆகாது என்றார் வண்ணக்கர். ஆற்றில் கொண்டுபோய் விடுவோம், ஆறு பெரிசுதானே என்றார்கள்.

“கிணறு போதுமெண்டு கிணத்துக்க விட்டன்,” என்றாள் மங்கையற்கரசி. “மறுகா மடு பெரிசெண்டு நினைச்சன். ஆத்துக்குக் கரை இஞ்சயிருந்து மட்டக்களப்பு மட்டும். அங்க போய் நான் எந்த வலையால பிடிப்பன்?”

“டவுனில குடுத்தா கொழும்புக்குக் கொண்டு போவாங்க, தங்கச்சி,” என்றார் உசனார்.

“கொண்டு போய்? ஆரும் ஒருத்தர் போத்தலில போட்டு இன்னொரு ஊருக்குக் கொண்டு போவாரு. அங்கயும் ஒருத்தி இரிப்பாள்.”

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். ஊர் முனையில் கூரையில்லாமல் நின்ற பழைய நெல் ஆலையில், நெல் ஊறப்போடுகிற சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. ஆள் மட்டத்துக்குச் சுவர். அதில் விடுவது, சாகுமட்டும் அவளே சாப்பாடு போடுவது, அதுக்குள் இடுகிற முட்டையை அவளே எடுத்து அழிப்பது.

“முப்பது வருஷம் சாகாதெண்டியே,” என்றாள் கண்ணகை.

“நானும் சாகமாட்டன்.”

அந்த வைகாசியில் அம்மனைக் கமுகம்பாளையோடு ஆற்றினார்கள். பாட்டுப் பாடினவர்களின் குரலே பிசகினது. கண்ணகை கையில் பெட்டியில்லாமல் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள்.

சடங்கு முடிந்த மறுநாள் மங்கையற்கரசி மடுக் கட்டுக்குப் போனாள். நாலு இடத்திலும் முளையைப் பிடுங்கி, முள்ளை விலக்கி, வலையை எடுத்தாள். இன்னும் பத்துப் பதினைந்து நாளில் குஞ்சு பொரிக்க இருந்த குழிகள். அலரிச் செடிக்குப் பின்னால் போய்க் குந்தினாள். போயிருக்கலாம். இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. வெயில் ஏறின பிறகு உடும்பு வந்தது. நாக்கை நீட்டி நீட்டி மண்ணை மணந்தது. முதல் குழியைத் தோண்டத் தொடங்கினபோது அவள் வாயில் சீலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். உடும்பு அவசரப்படவில்லை. நாலு குழிக்கும் இரண்டு நாள் எடுத்தது.

வலைத் துண்டுகளைத் திரும்பவும் ஒன்றாகக் கட்டினாள். நாலு தென்னங்குற்றியைச் சதுரமாகப் பிணைத்து, நடுவில் வலையைப் பையாகத் தொங்கவிட்டு மடுவில் மிதக்க விட்டாள். வெயில் காயக் குற்றியில் ஏறுகிற ஆமை, தோணி கிட்டப் போனதும் தண்ணீருக்குள் பாயும். வெளிப்பக்கம் பாய்ந்தது தப்பும். உள்பக்கம் பாய்ந்தது வலைக்குள். ஐந்து வருஷம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எது எந்த நேரம் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியும். உசனார் குற்றிகளை எருமையில் கட்டி இழுத்துக் கொடுத்தார். சில நாட்களில் வலைக்குள் ஒரு ஊர்க் கறுப்பாமையும் கிடக்கும். அதைத் தூக்கித் திரும்பத் தண்ணீரில் வைப்பாள்.

ஆடி முடியத் தொட்டியில் முப்பத்தெட்டு. மாரி தொடங்க ஐம்பது கடந்தது. ஒத்தை வெட்டு புரட்டாதியில் அகப்பட்டது. பெரிய தட்டு அளவு, கனம். மடியில் வைத்து வெட்டைத் தடவினாள். அது கழுத்தை நீட்டி, சோறு எங்கே என்று பார்த்தது.

ரெட்டை வெட்டு அகப்படவில்லை.

கண்ணகை முதல் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம் ஆலைக்கு வந்து தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் பிடிச்சிட்டியா?”

“இன்னும் கிடக்கு.”

“அது?”

“இல்ல மச்சாள்.”

அதுக்குப் பிறகு ஆமை அகப்படுகிற நாளெல்லாம் வந்தாள். சின்னதாக, நீண்ட நகத்தோடு இருக்கிற கடுவன் ஆமைகளை மட்டும் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பின் விளிம்பை விரலால் தடவுவாள். வெட்டு இல்லையென்றால் திரும்பப் போட்டுவிட்டு, “சீ, நாத்தம்,” என்று கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு போவாள்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு சிறைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பட்டியல்கள் வந்தன. வந்தாறுமூலைக்குப் போய் ஒன்று பார்த்தார்கள், டவுனுக்குப் போய் ஒன்று பார்த்தார்கள். ‘வி’ எழுத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணகை யன்னலைப் பார்த்தபடி கேட்டாள்:

“ஒரு வருஷமாப் போகுது. மடுவில அதையும் காணல்ல. இப்ப என்ன சொல்றாய் அரசி?”

மங்கையற்கரசிதான் அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அது இருக்கிறபடியால் அவர் இருக்கிறார் என்று ஐந்து வருஷம் சொன்னவள், அது இல்லை என்றால் வேறு என்ன சொல்வாள்?

“குளிர்த்தி முடியட்டும் மச்சாள்,” என்றாள். “முடிய, முப்பத்தோராம் நாள் செய்வம்.”

மங்கையற்கரசியின் நெற்றிப் பொட்டில் கண்ணகையின் பார்வை ஒருதரம் பட்டு விலகியது.

சேற்றுக்குள் கிடந்த கிழங்குகள் சாகாமல் இருந்திருக்கின்றன. மாரித் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் சுருண்ட இலைகள் ஊசி மாதிரி மேலே வந்தன. சித்திரையில் மடுவின் ஒரு மூலை பச்சையானது. ஒரு மூலைதான். மற்ற இடமெல்லாம் இன்னும் வெறுந்தண்ணீர். ஆனால் தவளை கத்தியது. மருத மரத்தில் மூன்று கறுப்பாமை வரிசையாக இருந்தன.

குளிர்த்தியன்று காலை இரண்டு பேரும் தோணியில் போனார்கள். கண்ணகை முன்னால், மங்கையற்கரசி பின்னால், தோணி தள்ளுகிற சவளோடு. காலுக்கடியில் வலை. அதை எடுக்காமல் மடுவில் இறங்கிய நாள் ஒன்றுகூட அந்த வருஷத்தில் இல்லை. பூத்தது ஒன்பது. மொட்டு நாலு.

“ஒம்பது போதும்,” என்றாள் கண்ணகை. “பானையச் சுத்தி வைக்க ஒம்பது வந்திரும்.”

ஏழாவது பூவை ஆய்ந்து பெட்டியில் வைத்தபோது, பூக்களுக்கு அப்பால், மருத மரத்தின் கடைசிக் கொப்பில், கறுப்பாமைகளை விட்டுத் தனியாக ஒன்று ஏறிக்கிடந்தது. சின்ன உடம்பு. பாசி படிந்து ஓடு கறுத்திருந்தது. அது கழுத்தைத் திருப்பியது. மங்கிப்போன குங்குமம் போலச் சிவப்புக் கோடு. பின் விளிம்பில், வெயில் விழுந்த இடத்தில், இரண்டு வெட்டு.

மங்கையற்கரசியின் கையில் சவள் அசையாமல் நின்றது. தோணி மெல்ல அதன்பாட்டில் அந்தப் பக்கம் போனது. இவ்வளவு கிட்ட அது ஒருநாளும் இருந்ததில்லை. வலையை எடுத்தால் எறிந்துவிடலாம். எறியத்தான் வேண்டும், ஊருக்குச் சொன்ன சொல் அதுதான். ஒன்று மட்டும் தனியே கிடந்தால் முட்டை இல்லை, குஞ்சு இல்லை, ஒரு வாய் எவ்வளவு தின்னும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. முன்பும் இப்படித்தானே ஒவ்வொன்றாக நினைத்தாள் என்று இன்னொரு நினைப்பு அதைப் பிடித்தது. அவள் குனிந்து வலையின் தலைக்கயிற்றைக் கையில் எடுத்தாள்.

கண்ணகை திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அந்தக் கொப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. அவளுடைய பிடரியில் வியர்வை இறங்கினது மங்கையற்கரசிக்குத் தெரிந்தது.

“மச்சாள்...” என்றாள் மெல்ல.

“என்ன?”

“அங்க...”

“அது கட்டை கா,” என்றாள் கண்ணகை. “பாசி பிடிச்ச கட்டை. வலைய வை. தோணியத் திருப்பு, வெயில் ஏற முதல் பூக் கோயிலுக்குப் போகணும்.”

மங்கையற்கரசி வலையை வைத்தாள். சவளை ஊன்றித் தோணியைத் திருப்பினாள். பின்னால் ஏதோ தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம், ஒரு கல் விழுந்த அளவுக்கு, கேட்டது. இரண்டு பேரும் திரும்பவில்லை. கரை கிட்டியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“குளிர்த்தி முடியச் செய்வமெண்டு சொன்னமே மச்சாள்?”

“என்னத்த?”

“முப்பத்தோராம் நாள்.”

கண்ணகை பூப்பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சேற்றுக்குள் காலை வைத்தாள்.

“ஆருக்கு?” என்றாள்.